‘நிப்பாட்டியாச்சு’ என்னும் சொல்

மின்வேலை செய்வோரிடையே ஒரு நாளிற் பலமுறை வழங்கும் சொல் ஒன்றுண்டு. ஓட்டு வீட்டின் தீராந்தியில் ஒரு காலும் ஏணியில் ஒரு காலுமாக நிற்கும் மின்னிணைப்பாளர், கீழே விறாந்தையில் மெயின் சுவிச்சின் அருகே நிற்கும் கையுதவிப் பையனை நோக்கி, “தம்பி, நிப்பாட்டியாச்சோ?” என்று குரல் கொடுக்கிறார். “ஓம் அண்ணை, நிப்பாட்டியாச்சு” என்று மறுமொழி வருகிறது. உடனே மேலே நிற்பவர் கம்பியைக் கையாற் பற்றுகிறார். அந்தக் கணத்தில் அவருடைய உயிர் தங்கியிருப்பது அவர் கற்ற கல்வியிலன்று, இருபதாண்டு அநுபவத்திலுமன்று, பையன் வாயிலிருந்து வந்த அச்சொல்லிலேதான்.

மின்தடையை அளக்கும் அலகுக்கு விஞ்ஞான நூல்கள் ஓம் என்று பெயர் வழங்குகின்றன. யாழ்ப்பாணத்தார் தம் உடன்பாட்டைத் தெரிவிப்பதும் ஓம் என்றே. ஆயினும் பையன் சொல்லும் ஓம் எந்த மின்னோட்டத்துக்கும் தடையாவதில்லை.

பையன் பொய் சொல்பவனல்லன். அவன் நிறுத்தியது உண்மையே. ஆனால் எதை நிறுத்தினான் என்பதில்தான் வில்லங்கம் இருக்கிறது. அந்த வீட்டில் பின்பு கட்டிய அறைக்கு வேறொரு பெட்டியிலிருந்து கம்பி போயிருக்கலாம். முன்னர் வேலை செய்தவர் விளக்கின் ஆளியை உயிர்க் கம்பியிற் பொருத்தாது நொதுமற் கம்பியிற் பொருத்திவிட்டுப் போயிருக்கலாம். அப்படியானால் ஆளியை நிறுத்தியபின் விளக்கு அணைந்துவிடும், கம்பியிலோ 230 வோல்ற்று அப்படியே நிற்கும். இவையொன்றுமே இல்லாதிருந்தாலும், பையன் வெற்றிலை வாங்கச் சந்திக்குப் போன நேரத்தில் வீட்டுக்கார அம்மா கிணற்றடியிலிருந்து வந்து, “ஆரோ மெயினை நிப்பாட்டிப் போட்டினம், தண்ணி வருகுதில்லை” என்று முணுமுணுத்தபடி ஆளியை மேலே தள்ளிவிடலாம். இத்தொழிலில் நேரும் மின்தாக்கங்களை ஆராய்ந்து பார்த்தால், மின்சாரம் ஓடுகிறது என்று தெரிந்தே தொட்டு அடிபட்டவரினும், ஓடவில்லை என்று நம்பித் தொட்டு அடிபட்டவரின் கதையே நெஞ்சை வருத்துவதாகும்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. நம் பாடசாலை நூல்களில் மின்னைக் கொண்டுவரும் கம்பிக்கு உயிர்க் கம்பி என்று பெயர். உயிரைக் கவரும் கம்பிக்கு உயிர்க் கம்பி என்று பெயர் சூட்டியவர் யாரோ அறியோம்; பொருத்தமான பெயர்தான். யாருடைய உயிர் என்பதை மாத்திரம் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இத்தொழிலாளரிடம் பேச்சுக் கொடுத்தாற் பெரும்பாலும் முதலில் வருவது அடிபட்ட கதை. எந்த ஊரில், எந்த வீட்டில், எந்தச் சுவரிலிருந்து எந்தச் சுவருக்கு எறியப்பட்டார் என்பதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். பழைய போர்வீரர் தழும்பு காட்டுவதை ஒத்தது இது. அடி வாங்காதவன் வேலைக்காரனல்லன் என்னும் எண்ணம் இத்தொழிலில் ஆழ வேரூன்றியிருக்கிறது. கம்பியில் மின் உண்டோ இல்லையோ என்று புறங்கையால் தட்டிப் பார்க்கும் வழக்கமும் இவ்வெண்ணத்தின் பிள்ளையே. உள்ளங்கையாற் பற்றினால் விரல்கள் மடங்கிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும். புறங்கையாற் தட்டினாற் கை தானாகவே உதறிக்கொண்டு விலகும் என்பது அவர்கள் கூறும் நியாயம். விரலை மடக்கும் தசைநார்கள் விரிக்கும் தசைநார்களினும் வலியன என்பதால் இந்த நியாயத்தில் உடற்கூற்று உண்மை இருக்கிறது. தொழிலாளரின் பட்டறிவை நாம் இகழவில்லை. ஆனால் அந்தப் புறங்கை இன்று தப்பியதற்குக் காரணம் துணிவன்று, வறண்ட தோல்.

கணக்கு எளியது. உலர்ந்து தடித்த தோலின் தடை 100,000 ஓம் அளவுக்கும் போகக்கூடும். அவ்வேளையில் 230 வோல்ற்று உடலினூடே செலுத்தும் மின்னோட்டம் ஏறத்தாழ 2.3 மில்லியம்பியர், சுள்ளென்று கடிக்கும், அவ்வளவே. அதே கை வியர்வையில் நனைந்து, கால் ஈரத்தரையில் ஊன்றியிருந்தால் உடலின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். இப்பொழுது ஓடுவது 230 மில்லியம்பியர். காலையில் சிரிக்கவைத்த அதே கம்பி பிற்பகலில், அதே மனிதனை, வியர்த்துவிட்டான் என்ற ஒரே குற்றத்துக்காகக் கொன்றுவிடும். பங்குனி சித்திரையில் ஓட்டுக்கூரையின் கீழ் இரண்டு மணி நேரம் நிற்பவனுடைய கை உலர்ந்திருக்கும் என்று யார் சொல்லமுடியும்?

எவ்வளவு மின்னோட்டம் எதைச் செய்யும் என்பதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சாள்ஸ் டால்சியெல் 1940களில் தன்னார்வலரைக் கொண்டு சோதித்து அளந்தார். ஏறத்தாழ 1 மில்லியம்பியரில் மனிதன் மின்னை உணர்கிறான். பிடித்த கம்பியை விட்டுவிடும் ஆற்றல் சராசரி ஆணுக்கு 16 மில்லியம்பியர் அளவிலும், பெண்ணுக்கு 10.5 அளவிலும் அற்றுப்போகிறது. அதற்கு மேலே மூச்சுத் தசைகள் இறுகுகின்றன. 100 மில்லியம்பியர் அளவில், சில கணங்களுக்குள்ளேயே இதயம் தன் தாளத்தை இழந்து, துடியாது நடுங்கத் தொடங்கிவிடும். பழைய நாற்பது வாற்று மின்குமிழை எரிக்க 174 மில்லியம்பியர் வேண்டும். அறையின் ஒரு மூலையைக் கூட ஒழுங்காக வெளிச்சமாக்காத விளக்கு என்று நாம் அலட்சியம் செய்யும் அம்மின்குமிழ் உண்ணும் மின், ஓர் ஆளைக் கொல்லத் தேவையானதிலும் அதிகம்.

அடிபட்ட கதையைச் சிரித்துச் சொல்பவர்கள் எல்லாரும் பிழைத்தவர்கள் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மற்றவர்கள் கதை சொல்வதில்லை.

சிறிய அடி சிறிய தீங்கோடு முடிவதுமில்லை. தரையில் நிற்பவனை ஒரு முறை உலுக்கிவிட்டுப் போகும் மின்தாக்கம், பன்னிரண்டு அடி ஏணியில் நிற்பவனைத் தலைகுப்புற வீழ்த்தும். கையிற் சிவந்த புள்ளி ஒன்றுதான் இருக்கும், முதுகெலும்போ முறிந்திருக்கும். உயர் அழுத்தக் கம்பியிற் பட்டவருடைய நிலை வேறு. தோலிற் தெரியும் காயம் சிறிது; உள்ளே எலும்பை ஒட்டிய தசைகள் வெந்திருக்கும். சிதைந்த தசையின் கழிவு இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். கையையோ காலையோ நீக்கி உயிரைக் காக்கும் நிலை பலருக்கு நேர்கிறது. ஏணி ஏறிப் பிழைப்பவனுக்கு ஒரு கை போனபின் எஞ்சுவது என்ன?

இவையெல்லாம் எந்த நாட்டுக்கும் பொதுவானவை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கென்றே உரிய சில காரணங்களும் உள்ளன. அவற்றை அறியாமல் இங்குள்ள மின்தொழிலாளரின் ஆபத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918 இற் கட்டுரை எழுதினார். லக்சபானாவின் முதற் கட்டம் 1950 இல் இயங்கத் தொடங்கிற்று. சுன்னாகத்தில் டீசல் இயந்திரங்கள் இரைந்தன. பின்னர் மலைநாட்டு மின்னும் வன்னிக் காடுகளைக் கடந்து குடாநாட்டுக்கு வந்தது. இப்படித் தவழ்ந்து வந்த வெளிச்சம் 1990 இற் போரினால் ஒரேயடியாக அறுந்தது. அதன்பின் நாட்டின் மின்வலைப்பின்னலோடு குடாநாடு மீண்டும் இணைவதற்குப் போர் முடிந்து 2010களின் முற்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையிற் கழிந்தன இரண்டு தசாப்தங்களுக்கு மேல்.

அந்த இருட்டுக் காலத்தை யாழ்ப்பாணத்தார் கடந்த விதம் வியப்புக்குரியது. ஜாம் போத்தலிற் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டுத் திரி கொளுத்திப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுழற்றித் தைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டார்கள். பெற்றோலுக்காகச் செய்யப்பட்ட மோட்டார்ச் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தடை செய்யப்பட்ட பொருளுக்கெல்லாம் மாற்றுப் பொருள் கண்டுபிடித்த அந்தக் கைத்திறனுக்கு மக்கள் இட்ட பெயர் சமாளிப்பு. அதை ஒரு கலை என்றே சொல்லிவிடலாம்.

ஆனால் இந்தக் கலைக்கு ஓர் எல்லையுண்டு. சைக்கிள் தைனமோ தருவது ஆறு வோல்ற்று. எப்படி முறுக்கிக் கட்டினாலும் ஆளைக் கொல்லாது. 230 வோல்ற்று வந்தபோதும் முறுக்கிக் கட்டும் பழக்கம் விடவில்லை. உருகி அடிக்கடி எரிந்தால் அதன் மெல்லிய கம்பிக்குப் பதிலாக இரண்டு புரி செப்புக் கம்பியை முறுக்கிப் போடுவது சமாளிப்பு. பிளக் இல்லாவிடில் கம்பியின் இரு நுனியையும் உரித்துத் துளையிற் செருகித் தீக்குச்சியால் இறுக்குவது சமாளிப்பு. அக்காலத்தில் உயிரைக் காத்த அதே கெட்டித்தனம் இக்காலத்தில் உயிரை வாங்குகிறது.

இன்னோர் இழப்பும் நேர்ந்தது. எந்தக் கைத்தொழிலும் குருவிடமிருந்து சீடனுக்குக் கைமாறி வருவது. மின்வேலை தெரிந்த மூத்தவர்கள் பலர் கொழும்புக்கும் கடல் கடந்தும் போனார்கள். வேலையே இல்லாத ஊரில் எஞ்சியவர்கள் யாருக்குக் கற்றுக் கொடுப்பது? 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மக்கள் திரும்பி வந்தபோது பல வீடுகளுக்குக் கூரையுமில்லை. கூரை எஞ்சிய வீடுகளில், ஆண்டுக்கணக்கில் மின் ஓடாது கிடந்த கம்பிகளின் றப்பர் உறை காய்ந்து வெடித்தும், எலி கடித்தும் இருந்தது. வெளிச்சம் மீண்டபோது எல்லா வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் வயரிங் வேண்டியிருந்தது. கற்பிக்க ஆளில்லாத தொழிலுக்கு ஆட்கள் ஆயிரக்கணக்கிற் தேவைப்பட்டால் என்ன நடக்கும்? நேற்றுக் கம்பி சுமந்தவன் இன்று கம்பி பொருத்தினான். நாளை அவனே ‘பாஸ்’ ஆனான். தொழில்நுட்பக் கல்லூரியில் முறையாகக் கற்றுத் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்ற இளைஞரும் உளர். எனினும் வீட்டுக்காரர் விசாரிப்பது சான்றிதழையன்று, கூலியை.

இனி மண்ணின் கதைக்கு வருவோம். குடாநாட்டு மண்ணின் அடியிற் கிடப்பது சுண்ணாம்புக் கல். வலிகாமத்துச் செம்பாட்டு மண் வளமானதுதான். ஆனால் பல இடங்களில் நாலைந்து அடியிலேயே கடப்பாரை ‘ணங்’கென்று பாறையிற் தட்டும். கிணறு வெட்டுவதற்கே வெடிவைத்த ஊர் இது. இந்தப் பாறை, வயரிங் வேலையில் ஒரு பெருஞ் சிக்கலைத் தோற்றுவிக்கிறது.

ஒவ்வொரு வீட்டிலும் நிலத்தினுள்ளே ஒரு செப்புக் கோலை அறைந்து, அதிலிருந்து புவிக் கம்பியை எடுத்து நீர்ப்பம்பி, குளிரூட்டி முதலியவற்றின் உலோக உடலோடு பொருத்துகிறார்கள். பம்பியின் உள்ளே காப்புறை தேய்ந்து உயிர்க் கம்பி உடலைத் தொட்டால், மின் புவிக் கம்பி வழியே நிலத்துக்குள் பாய்ந்து, அந்தப் பெருக்கினால் உருகி எரிந்து, மின் அறுந்துவிடும். பெரும்பாலோர் கற்றது இதுவே. பெரும்பாலோர் நம்புவதும் இதுவே. ஆனால் நிலம் அந்த மின்னை ஏற்க வேண்டுமே! மண்ணினூடே மின் திரும்பும் பாதையின் தடை 25 ஓம் என்று கொள்வோம். 230 ஐ 25 ஆல் வகுத்தால் வருவது 9.2 அம்பியர். வீட்டுப் பெட்டியிலிருக்கும் 15 அம்பியர் உருகிக்கு இது தூசு, எரியாது. சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில், பாறைமேற் படிந்த மண் பொருக்கு வெடித்துக் கிடக்கும்போது அத்தடை 100 ஓம் ஆனால் ஓடுவது வெறும் 2.3 அம்பியர். உருகி எரிவதாவது! மின் நிலத்துக்குள் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டேயிருக்கும். பம்பியின் இரும்பு உடலோ ஏறத்தாழ 230 வோல்ற்றோடு கிணற்றடியில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். பழுது பார்க்க வருபவர் முதலில் தொடுவது அந்த உடலைத்தான். நிற்பதோ கிணற்றுக்கட்டின் ஈரத்தில்.

பழைய காலத்து வீடுகளிற் கிணற்றுக்குள் இறங்கும் இரும்புக் குழாயே பம்பியின் மின்னை நீருக்குள் இறக்கி ஓரளவு காப்பாற்றியது. இப்பொழுது குழாயெல்லாம் பிளாத்திக்கு. துருப்பிடிக்காது, மலிவு, கனமில்லை. ஆனால் மின்னைக் கடத்தாது. குழாயை மாற்றியவர் தாம் ஒரு பாதுகாப்பைக் கழற்றி எடுத்துச் செல்வதை அறிந்திருக்கமாட்டார்.

ஆகவே இந்த மண்ணில் உருகியை நம்பிப் பயனில்லை. மக்கள் ‘ட்ரிப் சுவிச்’ என்று வழங்கும் கருவி இங்கே ஆடம்பரமன்று, அத்தியாவசியம். வீட்டுக்குள் போன மின்னும் திரும்பி வந்த மின்னும் சமமா என்று அது ஓயாது எண்ணிக்கொண்டிருக்கிறது. 30 மில்லியம்பியர் குறைந்தாற் போதும். அந்த மின் யாரோ ஒருவர் உடல் வழியாகப் போகிறது என்று கருதி, ஒரு விநாடியின் மூன்றிலொரு பங்கு கழிவதற்குள் அறுத்துவிடும். நிலத்தின் தடை 25 ஓமா 100 ஓமா என்று அது கேட்பதில்லை.

இத்தகைய கருவியை வீட்டுக்காரர் எவ்வாறு நடத்துகிறார்? மாரி காலத்தில் ஈரங்கசிந்த பழங்கம்பிகளால் அது அடிக்கடி விழுகிறது. விழும்போதெல்லாம், “எங்கோ மின் கசிகிறது, தேடிப் பார்” என்று சொல்கிறது என்பது பொருள். வீட்டுக்காரருக்கோ தொலைக்காட்சியில் நாடகம் போய்விடுகிறது. “தம்பி, உந்தச் சனியன் மழை பெய்தால் விழுந்துகொண்டே இருக்குது, உதைக் கழட்டிப்போட்டு நேரை குடுத்துவிடும்” என்கிறார். தம்பி மறுத்தால் வேறொரு தம்பி வருவார். மறுக்காவிட்டால், சில மாதங்களின் பின் அதே வீட்டுப் பம்பியைத் திருத்த வருபவர் அந்த முதல் தம்பியாகவே இருத்தலுங் கூடும்.

அக்கருவியும் எல்லாவற்றுக்கும் மருந்தன்று. ஒரு கையில் உயிர்க் கம்பியையும் மறு கையில் நொதுமற் கம்பியையும் பற்றியவனை அது ஒரு மின்குமிழாகவே கருதும். போன மின் முழுவதும் திரும்பி வருகிறதல்லவா! ட்ரிப் சுவிச்சுக்கு முன்னுள்ள கம்பியிற் கைவைப்பவனையும் அது காவாது. தொழிலாளர் சட்டைப்பையிற் செருகித் திரியும் ‘ரெஸ்ரர்’ என்னும் ஒளிரும் திருப்புளியையோ அதிலும் குறைவாகவே நம்ப வேண்டும். அது எரிவதற்குப் பிடித்தவன் உடலினூடே ஒரு நுண்ணிய மின் நிலத்துக்குப் போகவேண்டும். உலர்ந்த மர ஏணியில் றப்பர்ச் செருப்போடு நிற்பவன் கையில் அது மங்கலாக எரியலாம், எரியாமலும் விடலாம். எரியவில்லை, ஆகவே மின் இல்லை என்பது தர்க்க நூலார் ஒப்பாத முடிவு.

வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்தால், மின்கம்பத்தில் ஏறும் லைன்மன்களுக்கு நேரும் ஆபத்து இன்னும் நுட்பமானது. மின் தடைப்படும்போது வீடுகளிற் சிறிய ஜெனரேற்றரை இயக்கும் வழக்கம் போர்க்காலத்திற் பரவியது. 2022 ஆம் ஆண்டில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தபோது, எரிபொருள் கிடைத்தவர்கள் அதை மீண்டும் தூசு தட்டி எடுத்தார்கள். முறைப்படி இணைப்பதானால், தெரு மின்னும் வீட்டு மின்னும் ஒருபோதும் சந்தியாதபடி மாற்றாளி ஒன்று பொருத்த வேண்டும். அதற்குச் செலவுண்டு. சமாளிப்புக்காரர் கண்டுபிடித்த வழி, இரு முனையிலும் பிளக் உள்ள ஒரு கம்பி: ஒரு முனை ஜெனரேற்றரில், மறு முனை சுவரிலுள்ள துளையில். வீடு முழுவதும் வெளிச்சம்! மெயின் சுவிச்சை நிறுத்த மறந்துவிட்டாலோ அம்மின் வீட்டோடு நில்லாது. வந்த வழியே தெருக்கம்பிக்கு ஏறி, நிலைமாற்றியைப் பின்புறமாகச் சென்றடையும். 11,000 வோல்ற்றை 230 ஆகக் குறைக்கும் அக்கருவி, பின்புறமாக வருவோருக்கு 230 ஐ 11,000 ஆக உயர்த்திக் கொடுக்கும். அதற்குப் போக்கு எது வரவு எது என்ற வேறுபாடு தெரியாது.

அயல் வீடுகளின் சுமை முழுவதும் தலையில் விழுந்தால் அச்சிறு எந்திரம் திணறி நின்றுவிடும் என்பது உண்மையே. ஆனால் மாரிக் காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்து, சில வீடுகள் மாத்திரம் தனித்து எஞ்சிய துண்டில் அது நில்லாது ஓடக்கூடும். அந்தத் துண்டைப் பொருத்தவே லைன்மன் கம்பத்தில் ஏறுகிறார். உபநிலையத்தில் மின்னை நிறுத்தியதும் உண்மை. ‘நிப்பாட்டியாச்சு’ என்று தொலைபேசியிற் சொன்னதும் உண்மை. அவரைக் கொல்லும் மின் இரண்டு ஒழுங்கை தள்ளி, கோடிக்குள் இரையும் ஓர் எந்திரத்திலிருந்து வருகிறது.

இது புதிய கதையுமன்று. 1889 ஒக்ரோபர் 11 ஆந் திகதி நியூயோர்க் நகரில் ஜோன் ஃபீக்ஸ் என்னும் லைன்மன், தீங்கற்ற தந்திக் கம்பி என்று நம்பி ஒன்றைத் தொட்டார். அந்தக் கம்பி தொலைவிலே எங்கோ உயர் அழுத்த விளக்குக் கம்பியோடு உராய்ந்து கிடந்தது. நண்பகல் வேளையில், தெருவிற் திரண்ட பெருங்கூட்டத்தின் கண்ணெதிரே அவர் கம்பிகளின் நடுவிற் தொங்கி மாண்டார். நகரத்துக் கம்பிகளை நிலத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற கிளர்ச்சி அதன்பின் வலுத்தது. இரண்டாண்டு கழித்து, 1891 இல், செயின்ற் லூயிஸ் நகரிற் சில மின்தொழிலாளர் கூடிச் சங்கம் அமைத்தனர். அக்காலத்திற் சில பகுதிகளில் லைன்மன் வேலைக்குப் போன இருவரில் ஒருவர் தொழிலிலேயே மாண்டார் என்று அச்சங்கத்தார் எழுதிவைத்திருக்கின்றனர். சங்கத்தின் முதற் தலைவர் ஹென்றி மில்லர் 1896 இல் வாஷிங்டனிற் கம்பத்தில் வேலை செய்கையில் மின்தாக்குண்டு விழுந்து இறந்தார்.

இத்தகைய சாவுகளிலிருந்து பிறந்ததே இன்றைய ஒழுங்குமுறை. ஜேர்மனியில் அதை ஐந்து விதிகளாக வகுத்து ஒவ்வொரு பயிலுநருக்கும் மனப்பாடம் செய்விக்கிறார்கள். மின்னை முற்றாக அறுத்தல். வேறொருவர் மீண்டும் இணைக்காதபடி பூட்டுதல். மின் இல்லை என்பதைக் கருவியால் உறுதிசெய்தல். கம்பிகளை ஒன்றோடொன்று பிணைத்து நிலத்தோடு இணைத்தல். அருகில் மின்னோடும் பகுதிகளை மூடுதல். இவற்றுள் நம்மவர் பெரும்பாலும் செய்வது முதலாவதை மாத்திரம். இரண்டாவது விதிக்கு வேண்டியது ஒரு சிறு பூட்டு. மெயின் சுவிச்சில் அதைப் போட்டுத் திறப்பைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏணி ஏறினால், கீழே நிற்கும் பையனையும் வீட்டுக்கார அம்மாவையும் நம்பவேண்டிய அவசியமில்லை. நாலாவது விதி கம்பத்தில் ஏறுபவருக்கு உயிர்நாடி. பிணைத்து நிலத்தோடு இணைத்த கம்பிக்குள் ஜெனரேற்றர்க்காரர் பின்புறமாக மின்னை அனுப்பினால், அவருடைய எந்திரந்தான் திணறும். மேலே நிற்பவர் வேலையைத் தொடர்வார்.

சூரிய மின்தகடுகள் இப்பொழுது கூரைகளில் ஏறியிருக்கின்றன. தெரு மின் நின்றால் தாமும் நின்றுவிடும்படி அவற்றின் மாற்றிகள் அமைக்கப்பட்டுள்ளன, லைன்மனுக்கு நிம்மதி. ஆனால் தகட்டிலிருந்து மாற்றிவரை வரும் கம்பியில் வெயில் உள்ளவரை மின் உண்டு. கூரைமேல் ஏறியவனுக்காகச் சூரியனை ‘நிப்பாட்ட’ யாராலும் ஆகாது.

அடிபட்டபின் குடும்பத்தின் நிலை என்ன? இலங்கையில் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 இலும், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 இலும் இயற்றப்பட்டன. வேலைகொள்வோர் இன்னாரென்று காட்டக்கூடியவர்களுக்கு அவை பயன்படும். வீடு வீடாகப் போய் நாட்கூலிக்கு வயரிங் செய்பவனுக்கு வேலைகொள்வோர் யார்? வீட்டுக்காரர், “நான் பாஸிடம் கொடுத்தேன்” என்பார். பாஸ், “அவன் எனக்கு வேலையாளல்லன், சேர்ந்து செய்தவன்” என்பார். எழுத்தில் ஒன்றுமில்லை. செத்தவீட்டுச் செலவுக்கு இருவருமாக ஏதோ கொடுப்பார்கள். இளம் மனைவியும் பிள்ளைகளும் அதோடு தாய் வீட்டுக்குப் போவார்கள். சட்டத்தின் கண்ணுக்குப் புலனாகாத இந்தத் தொழிலாளரைக் கிராமிய மட்டத்தில் ஒரு சங்கமாகத் திரட்டி, மாதாந்தம் சிறு தொகை சேர்த்து விபத்துக் காப்புறுதி எடுப்பது முடியாத காரியமன்று. கள்ளிறக்கும் தொழிலாளரும் கடற்றொழிலாளரும் சங்கம் கண்ட நாடல்லவா இது?

மின்தாக்குண்டு சாய்ந்தவன் மாண்டுவிட்டான் என்று உடனே முடிவு கட்டிவிடுவதும் நம்மிடையே உள்ள குறை. கையைக் காலைத் தேய்ப்பார்கள். வாகனம் தேடி ஓடுவார்கள். இந்தியக் கிராமங்கள் சிலவற்றில் மண்ணிற் புதைத்துவைக்கும் வழக்கமும் இருந்திருக்கிறது. நடுங்கும் இதயத்துக்கு ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புள்ளது. முதலில் மின்னை நிறுத்த வேண்டும். அதற்குமுன் அவனைத் தொட்டவரும் அவனோடு வீழ்வர். மூச்சின்றிக் கிடந்தால் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டேயிருக்க வேண்டும், மருத்துவ உதவி வரும்வரை.

இந்த முறையை உலகுக்குத் தந்தவர் வைத்தியரல்லர். வில்லியம் கௌவன்ஹோவன் என்னும் மின்பொறியியலாளர். லைன்மன்கள் அடிக்கடி இறப்பதைக் கண்டு கவலைகொண்ட அமெரிக்க மின்சாரக் கம்பனிகள் 1920களில் ஆராய்ச்சிக்குப் பொருள் வழங்கின. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் பல ஆண்டுகளாக, நடுங்கும் இதயத்தை இன்னொரு மின்னதிர்ச்சியால் மீண்டும் தாளத்துக்குக் கொண்டுவரும் கருவியை ஆக்க முயன்றார்; வெற்றியும் கண்டார். 1958 இல் அவருடைய உதவியாளரான நிக்கர்பொக்கர், கருவியின் கனத்த தகடுகளை நாயின் மார்பில் அழுத்தும்போதே அதன் இரத்த அழுத்தம் உயர்வதைக் கவனித்தார். மார்பைத் திறவாமலே இதயத்தை இயக்கலாம் என்பது அப்பொழுது புலனாயிற்று. சத்திரவைத்தியர் ஜேம்ஸ் ஜூட்டும் சேர, மூவரும் 1960 யூலையில் அதை வெளியிட்டனர். இன்று மாரடைப்பால் வீழ்ந்த எத்தனையோ பேருடைய மார்பில் அழுத்தப்படும் கைகளுக்குப் பின்னால், கம்பத்தில் மாண்ட லைன்மன்களின் கடன் நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

1967 யூலையில் புளோரிடாவின் ஜக்சன்வில் நகரில் ரண்டல் சாம்பியன் என்னும் லைன்மன் நாலாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட கம்பியிற் பட்டுப் பாதுகாப்புப் பட்டியில் தலைகீழாகத் தொங்கினார். உடன் வேலை செய்த ஜே. டி. தொம்சன் கம்பத்தில் ஏறி, கீழே இறக்க நேரமில்லை என்று கண்டு, தொங்கியவரின் தலையை ஏந்தி அவ்விடத்திலேயே வாயோடு வாய் வைத்து மூச்சூதினார். அவ்வழியே வந்த ரொக்கோ மொறபிற்றோ என்னும் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் எடுத்த படத்துக்கு அடுத்த ஆண்டு புலிற்சர் பரிசு கிடைத்தது. தொம்சன் அந்த முறையை முன்னரே பயின்றிருந்தார். சாம்பியன் 2002 வரை உயிரோடிருந்தார்.